பல்லைக் கடித்துக்கொண்டிருந்த வருஷம்

கோபம் வந்தால் சிலருக்குக் கை நடுங்கும், சிலருக்குக் குரல் ஏறும். எனக்குத் தாடை இறுகும், அவ்வளவுதான். கத்த மாட்டேன், பாத்திரத்தை ணங்கென்று வைக்க மாட்டேன். ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். காலையில் டேலியைத் திறந்து உட்கார்ந்தால் சாயங்காலம் வரை யாரிடமும் முகம் சுளிக்காமல் வேலை நடக்கும். போட்ட பில்லையே மூன்றாம் தடவை மாற்றச் சொன்னாலும் "சரிங்க" என்பேன். மண்டியில் எனக்குப் பொறுமைசாலி என்று பேர். அந்தப் பொறுமை மொத்தமும் என் கடைவாய்ப் பற்களின் தலையில்தான் விடிந்துகொண்டிருக்கிறது என்பது பல் டாக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

கீழ்க் கடைவாய்ப் பல்லில் ஒரு சில்லு பெயர்ந்து வந்திருந்தது. தட்டுவடை சாப்பிட்டதால் என்று நினைத்துக்கொண்டு போனேன். டாக்டர் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்துவிட்டு, "தூக்கத்துல பல்லைக் கடிப்பீங்களா?" என்றார். தெரியாது என்றேன். பக்கத்தில் நின்றிருந்த என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "கடிக்கறாங்க டாக்டர். ராத்திரி பூரா நறநறன்னு சத்தம். எலின்னு நெனச்சு நான் பொறிகூட வெச்சுட்டேன்."

பற்களின் மேல்பகுதி தேய்ந்து தட்டையாகிக் கிடந்ததை டாக்டர் கைக்கண்ணாடியில் காட்டினார். பிறகு என் இரண்டு கன்னத்திலும் விரலை வைத்துக் கடிக்கச் சொன்னார். காதுக்கு முன்னால் கல் மாதிரி ஒன்று புடைத்து எழுந்தது. மாஸட்டர் என்று அந்தத் தசைக்குப் பேராம். கரும்பைக் கடிக்கவும் எலும்பைக் கடிக்கவும் கொடுக்கப்பட்ட தசையை நான் நாள் முழுக்கச் சும்மா வேலை வாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். வாய் மூடியிருக்கும்போது உதடு இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேரக் கூடாது என்றார் அவர். மெல்லும்போதும் விழுங்கும்போதும் படுவதையெல்லாம் கூட்டினாலும் ஒரு நாளைக்குப் பல்லோடு பல் படுவது இருபது நிமிஷத்துக்குள்தான் இருக்குமாம். இதைப் படிக்கிற நீங்களே இப்போது உங்கள் பல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நான் மண்டியில் என்னோடு வேலை செய்கிற பிள்ளைகளிடம் கேட்டபோது பாதிப் பேர் சட்டென்று வாயைத் தளர்த்திக்கொண்டார்கள்.

ராத்திரி போட்டுக்கொள்ள அச்செடுத்து ஒரு பிளாஸ்டிக் தட்டு செய்து கொடுத்தார். "இது பல்லைக் காப்பாத்தும்மா. கடிக்கறதை நிறுத்தாது. வீட்டுல ஏதாச்சும் பிரச்னையா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்லைங்க" என்றேன். வீட்டுக்காரர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிரச்னை இதுதான். ஐப்பசியில் அப்பா போய்விட்டார். பவானிக்கும் ஈரோட்டுக்கும் நடுவில், காலிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில், அவர் சம்பாதித்து வாங்கிய நிலம் இருக்கிறது. எழுநூறு வருஷத்துக்கு மேலாக ஓடுகிற வாய்க்கால் அது. அதன் தண்ணீர் பாய்கிற மண்ணில் மஞ்சள் எப்படி வரும் என்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கருமாதி முடிந்து, சாமியானாக்காரர்கள் துணியை அவிழ்த்து வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது அண்ணன் ஒரு கவரோடு வந்தார்.

"அம்மிணி, வக்கீல் எழுதிக் குடுத்திருக்காரு. விடுதலைப் பத்திரம். நீயும் அம்மாளும் ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வந்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா பட்டா மாத்தற வேலை சுளுவா முடிஞ்சுரும்."

என் பாகம் எனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கிற பத்திரம் அது. "பாக்கலாங்ணா" என்று வாங்கி, மடித்துக் கைப்பையில் வைத்தேன். அப்பா படத்துக்குப் போட்ட மாலை அப்போது வாடக்கூட இல்லை.

சட்டம் எனக்குத் தெரியாததல்ல. அப்பா தன் காசில் வாங்கியது, உயில் எழுதவில்லை. 1956ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே அம்மாவுக்கும் அண்ணனுக்கும் எனக்கும் சமபாகம். 2005இல் வந்த திருத்தம் பூர்வீகச் சொத்துக்கானது. எங்கள் விஷயத்தில் அதுவரை போகவே வேண்டாம். ஆனால் எங்கள் பக்கம் சட்டம் ஒன்று, வழக்கம் ஒன்று. போட்ட நகைக்கும் செய்த சீருக்கும் சரியாகப் போயிற்று என்று சொல்லி, பெண்பிள்ளைகள் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார்கள். போடாதவளை ஊரில் எப்படிப் பேசுவார்கள் என்பதை நான் சின்ன வயதிலேயே கேட்டிருக்கிறேன். அம்மாவோ, "நீங்க ரெண்டு பேரும் என்ன பேசிக்கறீங்களோ அதும்படி" என்று நழுவிவிட்டாள்.

துக்கத்துக்கு ஊரில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அப்பாவைக் கிடத்தியிருந்த நாளில், ஃப்ரீசர் பெட்டி வைத்தவர்களுக்குப் பணம், டீ, பந்தல், சொந்தபந்தத்துக்குப் போன் என்று நான் அலைந்துகொண்டிருந்தேன். அப்பாவின் அக்கா, எண்பதைத் தாண்டிய என் அத்தை, வந்து இறங்கியதும் நேரே என் தோளைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். சுற்றிப் பெண்கள். ஆளுக்கு ஆள் தோளில் கை. அத்தை ஒப்பாரியைத் தொடங்கினார். நான் பாட்டைச் சொல்லவில்லை, எனக்குத் தெரியவும் தெரியாது. என் தலைமுறையில் பாதிப் பேருக்குத் தெரியாது. மைக்செட்டோடு ஆள் வைத்துக்கொள்கிறோம். ஆனால் அந்த வட்டம் முன்னும் பின்னும் அசைந்தபோது நானும் அசைந்தேன். அத்தை ஒரு வரியை ஆரம்பித்தால் மூச்சு தீரும் வரை இழுப்பார். தீர்ந்ததும் ஒரு விக்கல் மாதிரி இழுத்துக்கொண்டு அடுத்த வரி. கொஞ்ச நேரத்தில் என் மூச்சும் அதே கணக்கில் போய்க்கொண்டிருந்தது. அழுகை தானாக வந்தது. எழுந்து முகம் கழுவியபோது தலை பாரம் இறங்கியிருந்தது, பசிகூட எடுத்தது.

மூச்சு உள்ளே போகும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் கூடுகிறது, வெளியே வரும்போது குறைகிறது. மூளையின் அடிப்பகுதியில் தொடங்கி நெஞ்சு, வயிறு வரை இறங்குகிற வேகஸ் நரம்பின் வேலை இது. ஆகவே வெளிமூச்சு நீண்டால் உடம்பு நிதானத்துக்கு வரும். 2023இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு ஆய்வு செய்தார்கள். மூக்கால் ஒரு இழுப்பு, அதன் மேலேயே இன்னொரு குட்டி இழுப்பு, பிறகு வாயால் நீளமாக விடுவது. இப்படித் தினம் ஐந்து நிமிஷம் என்று ஒரு மாசம் செய்தவர்களுக்கு, தியானம் செய்தவர்களைவிட மனநிலை நன்றாக இருந்ததாம். இதை என் மகள்தான் அனுப்பினாள். கோயம்புத்தூரில் சைக்காலஜி படிக்கிறாள். வாசித்ததும் எனக்கு அத்தையின் ஞாபகம்தான். அழுது ஓய்ந்த குழந்தை விசும்புவதைப் பாருங்கள், அதுவும் இரண்டு இழுப்பு, ஒரு நீண்ட விடுப்பு.

கோபத்துக்கு இப்படி யாரும் வட்டம் கட்டி உட்கார்வதில்லை. தங்கச்சி அண்ணன் மேல் கோபமாக இருக்கிறாள் என்று தோளில் கை போட எந்த அத்தை வருவார்? அம்மா காலத்தில் துவைக்கிற கல் இருந்தது. அப்பாவோடு சண்டை என்றால் அன்றைக்கு வேட்டி கிழிய அடித்துத் துவைப்பாள். அடித்தபின் கோபம் போயிற்றா என்றால், துணி காயப்போடும்போதும் முணுமுணுத்துக்கொண்டுதான் இருப்பாள். நான் சாயங்காலம் வ.உ.சி. பூங்காவில் வேக நடை போனேன். எல்லாரும் சொல்வதுதானே, நடந்தால் மனசு லேசாகும் என்று. ஆனால் கால் வேகமாகப் போகப் போக, உள்ளே அண்ணனோடு வாதமும் வேகமாகப் போனது. ஒவ்வொரு சுற்றுக்கும் இன்னும் கூர்மையான ஒரு பதில் கிடைத்தது. வீட்டுக்கு வரும்போது அவரை நிற்கவைத்து நாலு கேள்வி கேட்கத் தயாராக இருப்பேன், தாடை வலியோடு.

இதற்கும் மகளிடம் பதில் இருந்தது. பிராட் புஷ்மேன் என்ற அமெரிக்க உளவியலாளர் 2002இல் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்திருக்கிறார். கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தியவர்களுக்குத்தான் கடைசியில் கோபம் அதிகமாக இருந்தது. சும்மா உட்கார்ந்திருந்தவர்களுக்குக் குறைவு. 2024இல் அவரும் இன்னொருவரும் சேர்ந்து, பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கலந்துகொண்ட 154 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். உடம்பின் வேகத்தைக் குறைக்கிற பயிற்சிகள், அதாவது மூச்சு, தளர்வு, தியானம், யோகா போன்றவை, கோபத்தைக் குறைத்தன. வேகத்தை ஏற்றுகிற வேலைகள் குறைக்கவில்லை; மெல்லோட்டம் கூட்டவே செய்தது. நடையும் ஓட்டமும் இதயத்துக்கு நல்லது, அதை விடச் சொல்லவில்லை. கோபத்தைக் கரைக்க என்று போனால்தான் ஏமாற்றம். அம்மாவின் துவைகல்லை நான் அன்றிலிருந்து வேறு கண்ணால் பார்க்கிறேன்.

பல் டாக்டர் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பினார். என் மகளைவிட ஐந்தாறு வயது மூத்த பெண். தாடையைத்தான் பார்ப்பாள் என்று போனால், "பாயில படுங்க்கா, கையில இருந்து ஆரம்பிக்கலாம்" என்றாள்.

வலது கையை முஷ்டியாக மூட வேண்டும். முழு பலமும் வேண்டாம், முக்கால் பலம். மூடி ஐந்து எண்ண வேண்டும். இறுக்கம் எங்கெல்லாம் ஏறுகிறது என்று கவனிக்க வேண்டும். விரல், மணிக்கட்டு, முழங்கை வரை. பிறகு விட வேண்டும். "மெதுவா விடாதீங்க. பட்டுன்னு விடுங்க." விட்டபின் அரை நிமிஷம் போல ஒன்றும் செய்யக் கூடாது. கை கனக்கிறதா, சூடாகிறதா, குறுகுறுக்கிறதா, இறுக்கத்துக்கும் தளர்வுக்கும் என்ன வித்தியாசம் என்று மட்டும் பார்க்க வேண்டும். பிறகு இடது கை. நெற்றியைச் சுருக்கி விடுவது. கண்ணை இறுக்கி விடுவது.

தோளுக்கு வந்தபோது, "ரெண்டு தோளையும் காதுவரைக்கும் தூக்குங்க்கா" என்றாள். தூக்கினேன். "இன்னும் தூக்குங்க." தூக்க இடமில்லை. ஏற்கெனவே அங்கேதான் இருந்தது. அவள் ஒன்றும் சொல்லாமல் தன் கையால் என் தோளைக் கீழே அழுத்தி, அதன் இடம் எங்கே என்று காட்டினாள். கழுத்து இவ்வளவு நீளமா என்று இருந்தது எனக்கு.

தாடையை மட்டும் இறுக்க விடவில்லை. "அது வருஷக்கணக்கா இறுக்கிட்டுத்தானே இருக்குது, அதுக்குப் பிராக்டிஸ் வேண்டாம்." அதற்குப் பதில் 'ன' என்று சொல்லும்போது நாக்கு எங்கே தொடுமோ அங்கே, மேல்பல்லுக்குப் பின்னால், நாக்கை வைத்துக்கொண்டு கீழ்த்தாடையைத் தானாகத் தொங்கவிட வேண்டும். நாக்கு மேலே படிந்து, தாடை தொங்கிக் கிடந்தால் பல் சேராது. காதுக்கு முன்னால் அந்தப் புடைப்பில் இரண்டு விரலை வைத்து மெதுவாக வட்டமாகத் தேய்க்க வேண்டும். ராத்திரி வெந்நீர்த் துணி ஒத்தடம். கடைசியில் வயிறு, தொடை, கெண்டைக்கால், பாதம். கெண்டைக்காலை ரொம்ப இறுக்கக் கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினாள். முதல் ராத்திரியே நன்றாக இறுக்கி, சதை பிடித்துக்கொண்டு நான் அலறி, வீட்டுக்காரர் எழுந்து வந்து கட்டைவிரலை மடக்கி இழுக்க வேண்டியதாயிற்று.

எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 1920களில் வகுத்த முறை இது. தசை உண்மையாகவே தளர்ந்துவிட்டால் மனசு மட்டும் தனியாகப் பதறிக்கொண்டிருக்க முடியாது என்பது அவர் கட்சி. தசையில் ஓடுகிற மின் அசைவை அளந்து பார்த்து வேலை செய்தவர். அவர் முறைப்படி கற்றுக்கொள்ள மாசக்கணக்கில் ஆகும். பின்னால் வந்தவர்கள், முக்கியமாக ஜோசப் வோல்ப், அதைச் சுருக்கினார்கள். இப்போது ஆஸ்பத்திரிகளில் சொல்லிக் கொடுப்பது சுருக்கிய முறைதான். சவாசனம் தெரிந்தவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். என் வீட்டுக்காரருக்கு இரண்டும் ஒன்றுதான். "பொணமாட்டப் படுக்கறதுக்கு ஒரு டிரெயினிங், அதுக்கு ஃபீஸ் வேற" என்பார். சொல்லிவிட்டு டிவி சத்தத்தைக் குறைப்பார்.

முதல் சில வாரம் ஒன்றும் நடக்கவில்லை. பாதியில் தூங்கிப்போவேன், அதுவே லாபம் என்று இருந்தது. நடந்தது எல்லாம் பாயில் அல்ல, மண்டியில். போன் திரையில் 'அண்ணன்' என்று வந்ததும், எடுப்பதற்கு முன்னாலேயே கடைவாய் சேர்ந்துவிடும். இது முன்பும் நடந்துகொண்டுதான் இருந்தது, எனக்குத் தெரியவில்லை. இப்போது தெரிந்தது. தெரிந்ததும் 'ன' இடத்துக்கு நாக்கு போகும். தோள் இறங்கும். ஒரு நீண்ட மூச்சு விட்டுவிட்டு எடுப்பேன். பேச்சு அதே பேச்சுதான், "அந்தப் பத்திரம் என்னாச்சு அம்மிணி", "பாக்கலாங்ணா". ஆனால் வைத்தபின் அரை நாள் என்னை அது தின்னவில்லை.

அப்புறம் ஒரு ராத்திரி வயிற்றில் வந்து நின்றது. அடிவயிற்றை உள்ளே இழுத்து, ஐந்து எண்ணி, விட்டேன். விட்ட இடத்தில் கனமோ சூடோ இல்லை. பயம் இருந்தது, பரீட்சை ஹாலுக்கு வெளியே நிற்கும்போது வருகிற அதே பயம். இத்தனை மாசம் நான் அண்ணன் மேல் கோபம் என்று சொல்லிக்கொண்டிருந்ததெல்லாம் தாடையில் இருந்தது. வயிற்றில் இருந்த சரக்கு வேறு. பாகம் கேட்டால் பொறந்த வீட்டுக் கதவு சாத்திக்கொள்ளும். நாளைக்கு மகளுக்குக் கல்யாணம் என்றால் தாய்மாமன் சீர் யார் கொண்டு வருவது? அவள் பெரியவளானபோது தட்டு வரிசை சுமந்து முன்னால் வந்தவர் இதே அண்ணன்தான். மணவறையில் மாமன் நிற்க வேண்டிய இடம் காலியாக இருந்தால் பார்க்கிறவர்கள் கேட்பார்கள். இதையெல்லாம் நான் ஒரு வார்த்தையாகக்கூட எனக்குள் சொல்லிப் பார்த்ததில்லை. "பாக்கலாங்ணா, பாக்கலாங்ணா" என்று தள்ளிக்கொண்டிருந்தது பொறுமையால் அல்ல.

ஃபின்லாந்து ஆய்வாளர்கள் ஒரு வேலை செய்திருக்கிறார்கள், 2013 கடைசியில் வெளிவந்தது. எழுநூறு பேரிடம் வெறும் மனித உருவக் கோட்டுப்படத்தைக் கொடுத்து, கோபம் வந்தால் உடம்பில் எந்த இடம் விழித்துக்கொள்கிறது, பயத்துக்கு எந்த இடம் என்று வண்ணம் தீட்டச் சொன்னார்கள். கோபத்துக்குத் தலை, நெஞ்சு, கை எல்லாம் சிவந்தன. ஐரோப்பியர்களும் தைவான்காரர்களும் கிட்டத்தட்ட ஒரே மாதிரித் தீட்டினார்கள். அவரவர் உணர்வதைச் சொன்னதுதான் அது, கருவி வைத்து அளந்தது அல்ல. ஆனாலும் என் படத்தை நானே தீட்டிப் பார்த்தது நல்லதாயிற்று. தாடை ஒரு வண்ணம், வயிறு ஒரு வண்ணம். இரண்டையும் இவ்வளவு நாள் ஒரே பேரால் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ரீல்ஸில் ஒரு கூட்டம் சுற்றுகிறது: உங்கள் துக்கம் இடுப்பில் தேங்கியிருக்கிறது, இந்த ஆசனத்தைப் போட்டால் கொட்டிப் போய்விடும் என்று. பீரோவில் மடித்து வைத்த பழைய புடவை மாதிரி சதைக்குள் துக்கம் மடிந்து கிடப்பதில்லை. சதை இறுகுகிறது, இறுக்கம் பழக்கமாகிறது, பழக்கமானபின் நமக்கே தெரியாமல் போகிறது. தளர்த்தும்போது அது தெரிய வருகிறது. எனக்கு நடந்தது அவ்வளவுதான், அதுவே போதுமானதாக இருந்தது. எல்லாருக்கும் இது இதமாகவும் இருக்காது. சிலருக்குக் கண்ணை மூடிப் படுத்தாலே படபடப்பு கூடும். மனசில் பழைய அடி ஏதாவது இருப்பவர்களுக்கு இன்னும் அதிகம். அந்த பிசியோதெரபிஸ்ட் பெண் எனக்கே முதலில் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளத்தான் சொன்னாள், வேண்டுமானால் நாற்காலியில் உட்கார்ந்து செய்யலாம் என்றாள். தாங்க முடியாத அளவுக்குப் போகிறவர்கள் பாயை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம், ஆளிடம் பேசுங்கள். அரசின் மனநல உதவி எண், டெலிமானஸ், 14416, கூப்பிடக் காசில்லை, தமிழிலும் பேசலாம்.

நான் எதிர்பார்க்காதது அடுத்து நடந்தது. கோபம் இறங்கினால் மனசு இளகி, சரி போகட்டும் அண்ணன்தானே என்று கையெழுத்துப் போட்டுவிடுவேன் என்றுதான் நினைத்திருந்தேன். வீட்டுக்காரரும் அப்படித்தான் நினைத்தார். "மனசை லேசாக்கு, விட்டுக் குடு" என்று சொல்கிறவர்கள் எல்லாரும் இரண்டையும் ஒரே மூச்சில்தான் சொல்கிறார்கள். உறவில் இதமாக இரு என்று சொல்லி வாயை அடைப்பதற்கு இந்தப் பயிற்சிகளைப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு. மருமகள்களுக்குத்தான் முதலில் தியானம் சிபாரிசாகிறது. எனக்கு நேர்மாறாக ஆயிற்று. கோபம் இருந்த வரைக்கும் வாயைத் திறந்தால் கத்திவிடுவேனோ, அழுதுவிடுவேனோ என்றுதான் மூடிக்கொண்டிருந்தேன். அது இறங்கியபின் சொல்ல வேண்டியது மூன்று வரிதான் என்று தெரிந்தது.

மாசியில் மஞ்சள் வெட்டு முடிந்தபின் அண்ணன் கூப்பிட்டார். நான் வீட்டில் இருந்தேன், மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். நின்றுகொண்டு பேசினால் நடக்க ஆரம்பித்துவிடுவேன் என்று தண்ணீர்த் தொட்டிப் படியில் உட்கார்ந்தேன். பாதம் இரண்டும் தரையில். தோளை ஒரு தரம் தூக்கி விட்டேன்.

"அண்ணா, நான் அந்தப் பத்திரத்துல கையெழுத்துப் போடலீங்ணா. அப்பா நெலத்துல எனக்கு என்ற பாகம் வேணும். ஓட்டறது நீங்களே ஓட்டுங்க, அதுல எனக்கு ஆட்சேபணை இல்லீங்."

அந்தப் பக்கம் சத்தமில்லை. முன்பு என்றால் அந்தச் சத்தமில்லாததை நானே பேசி நிரப்பியிருப்பேன். கடன் இருக்குங்ணா, பிள்ளை படிப்பு இருக்குங்ணா என்று காரணம் அடுக்கியிருப்பேன். நாக்கை அதன் இடத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வயிறு கலங்கத்தான் கலங்கியது. கை நடுங்கியது. குரல் நடுங்கவில்லை.

"யாரு சொல்லிக் குடுத்தாங்க உனக்கு?" என்றார் கடைசியில்.

"யாரும் இல்லீங்ணா."

"அப்பன் இருந்திருந்தா இப்பிடிக் கேப்பியா?"

அதற்குப் பதில் சொல்லவில்லை. அவர் வைத்துவிட்டார். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை, பயிற்சி எதுவும் உதவவில்லை, எழுந்து காபி போட்டுக் குடித்துவிட்டு விடிகிற வரை உட்கார்ந்திருந்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும். பல் தட்டை அந்த ராத்திரி மட்டும் போடவே இல்லை, போட்டிருந்தாலும் கடித்துத் துளைத்திருப்பேன்.

அம்மாவிடம் நேரில் போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றுகொண்டிருந்தாள். "உங்கப்பனும் தூக்கத்துல பல்லைக் கடிப்பாரு. அவங்க பங்காளி வழக்கு நடந்த காலத்துல வீடே நறநறங்கும்" என்றாள். நிலத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் தாலுகா ஆபீசில் வாரிசுச் சான்றிதழுக்கு மனு கொடுக்க நான் போனபோது, கூப்பிடாமலே கூட வந்தாள். மனுவில் மூன்று பேர் பெயரும் இருக்கிறது.

அண்ணன் அதற்கப்புறம் கூப்பிடவில்லை. சித்திரையில் ஊர் மாரியம்மன் நோம்பிக்கு அழைப்பும் வரவில்லை. நான் அம்மாவைப் பார்க்கிற சாக்கில் போய்ப் பொங்கல் வைத்துவிட்டு வந்தேன். அண்ணன் கோயிலின் அந்தப் பக்கம் நின்றிருந்தார். என் மகளைக் கூப்பிட்டுக் கையில் ஐநூறு ரூபாய் கொடுத்திருக்கிறார், பொட்டுக்கடலையும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். என்னிடம் வரவில்லை.

போன வாரம் நங்கை, அண்ணன் பெண்டாட்டி, கூப்பிட்டாள். நல்லா இருக்கீங்களா, பாப்பாளுக்குப் பரீட்சை எப்போ என்று சுற்றிவளைத்துவிட்டு, "மண்டியில மஞ்சள் என்ன ரேட்டுங்க போகுது?" என்றாள். விரலிக்கும் கிழங்குக்கும் அன்றைய குவிண்டால் விலையைச் சொன்னேன். வேக வைத்து, காயப்போட்டு, பாலீஷ் போட்டு எல்லாம் தயாராக இருக்கிறதாம், இப்போதே கொண்டு வரலாமா, கொஞ்ச நாள் போட்டு வைக்கலாமா என்று கேட்டாள். அண்ணன் பக்கத்தில்தான் நின்றிருப்பார், அவர் இருமல் எனக்குத் தெரியும். அப்பா வைகாசியில் நட்டுவிட்டுப் போன மஞ்சள் அது. வரத்து குறைகிற மாதிரி இருக்கிறது, இன்னும் இரண்டு வாரம் பொறுத்துக் கொண்டு வரச் சொல்லுங்கள், மூட்டையை எங்கள் மண்டிக்கே போடச் சொல்லுங்கள், எடை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.